மேலேயிருந்து ரெண்டாவது எலும்பு

மூஞ்சியை இந்த ஓட்டைக்குள்ள வச்சுக் குப்புறப் படுங்க அண்ணாச்சின்னு அந்தப் பொண்ணு சொன்னா, நானும் சொன்ன பேச்சு கேக்குத பிள்ளையா படுத்துட்டேன். பெஞ்சுக்குத் தலைமாட்டுல மூஞ்சி அளவுக்கு ஒரு ஓட்டை, சுத்தி ரெக்சின் மெத்தை. கன்னம் ரெண்டும் நசுங்கி வாய் தன்னால குவிஞ்சு கெடக்கு. இந்தக் கோலத்துல கூட்டாளி எவனாவது பாத்தான்னா துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். கீழே தரை தெரியுது. வெள்ளை டைல்ஸ், ஓரத்துல ஒரு கீறல். டைல்ஸ் மேல இவ காலு ரெண்டு, பழுப்பு ரப்பர் செருப்பு, நகத்துல பூசின சிவப்பு பாதி உதிந்து போயிருக்கு. அவ்வளவுதான் உலகம். கஸ்பாரு, உனக்கு வேற விதியே இல்லையாடே. வருஷக்கணக்கா கிரேன் கேபின்ல உக்காந்து, கால் ரெண்டுக்கும் நடுவுல இருக்க கண்ணாடித் தரை வழியா கப்பலையும் கன்டெய்னர் பெட்டியையும் பாத்துப் பாத்தே பொழுதைப் போக்கினவன், தலைவலிக்கு வைத்தியம் பாக்க வந்த எடத்துலயும் கீழேதான் பாத்துக்கிட்டு கெடக்கேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சேர்ல என் பொஞ்சாதி மெற்றில்டா உக்காந்திருக்கா. ஜெபம் சொல்லுதாளோ என்னவோ, சத்தமே இல்ல. வீட்டுல வாய் ஓயாத பொம்பள. சைனஸ்தான், வேற ஒண்ணும் இல்லன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவளும் நம்பிட்டா. சைனஸுக்கு எதுக்குக் கழுத்தை அமுக்குதாங்கன்னு ஒரு கேள்வி கேக்கல. நல்ல பொம்பள.

கால்காரி பேரு இசக்கிச்செல்வி. வாசல் பலகையில போட்டிருக்கு. டாக்டரம்மான்னு கூப்பிட்டேன், நான் டாக்டர் இல்ல அண்ணாச்சி, பிசியோ, பேரைச் சொல்லியே கூப்பிடுங்கன்னுட்டா. என் மூத்த மகளைவிடக் கொஞ்சம் வயசு கூட இருக்கும். படுக்கச் சொல்லுததுக்கு முன்னால எனக்கு நேரா உக்காந்து நிறுத்தி நிதானமா சொன்னா. "கழுத்துல ஒவ்வொரு இடமா அமுக்கிக்கிட்டே வருவேன். எந்த இடத்துல அமுக்கும்போது உங்களுக்கு வழக்கமா வர்ற அதே வலி, அதே கண்ணுக்குப் பின்னால வருதோ, உடனே சொல்லணும். அமுக்குற இடத்துல மட்டும் வலிச்சா அது கணக்கு இல்ல. தலையில வரணும். வந்தா ரொம்ப நல்லது." வலி வந்தா நல்லதுன்னு சொல்லுத ஆளை இப்பதான் பாக்கேன். வந்தா அது கழுத்துல இருந்து கெளம்புத வலி, கையால சரி பண்ண வழி உண்டு. வரலன்னா? அதை அவ சொல்லல. என்னை இவகிட்ட அனுப்பின பெரிய டாக்டர் சொன்னாரு. கண்ணுல டார்ச் அடிச்சு, முழங்கால்ல சுத்தியலால தட்டி, வாந்தி இருக்கா, ரெட்டையாத் தெரியுதா, கை மரத்துப்போவுதான்னு எல்லாம் கேட்டுட்டு, இப்போதைக்கு பயப்படும்படி ஒண்ணும் தெரியல, முதல்ல கழுத்தைப் பாத்துரட்டும், அதுல இல்லன்னா தலையை ஸ்கேன் எடுத்துருவோம்னாரு. அண்ணனுக்குத் தலைக்குள்ள கட்டி இருந்துச்சுன்னு நான் சொன்னதும் அவர் பேனா ஒரு நொடி நின்னுச்சு. பாத்துட்டேன். மேலே இருந்து பாத்துப் பழகின கண்ணு, எது அசைஞ்சாலும் எது நின்னாலும் தப்பாது. ததேயுஸ் அண்ணனுக்கும் வலது பக்கம்தான். அவனுக்கும் கண்ணுக்குப் பின்னாலதான். கண்ணாடியை மாத்தினான், தைலத்தைத் தேச்சான், டீயை நிறுத்தினான், டீயைக் கூட்டினான். ஒரு காலையில சட்டைக்குப் பட்டன் போடத் தெரியாம நின்னான். பட்டனைப் பாக்கான், ஓட்டையைப் பாக்கான், ரெண்டையும் எப்பிடிச் சேக்கதுன்னு தெரியல. நான்தான் போட்டுவிட்டேன். அப்புறம் ஸ்கேன், அப்புறம் மதுரை, அப்புறம் கல்லறைத் தோட்டம். அவன் தலைக்குள்ள வளந்தது என் தலைக்குள்ளயும் வளருதோ. தெனமும் காலையில பட்டனைப் போட்டுப் பாக்கேன். மேல் பட்டன் வரைக்கும் போட்டு முடிச்சாத்தான் மூச்சு வருது. யார்கிட்டயும் சொன்னதில்ல.

இந்தத் தலைவலிக்கு நான் பாத்த வைத்தியம் கொஞ்சமா நஞ்சமா. நெத்தியில சுக்குப் பத்து, மூக்குல தைலம், நொச்சி ஆவி, புதுக் கண்ணாடி. மெற்றில்டா தலகாணியை மாத்தினா, இலவம்பஞ்சு போய் ஸ்பாஞ்சு வந்துச்சு, ஸ்பாஞ்சு போய்த் தலகாணியே இல்லாம படுத்தேன். எல்லாம் நெத்திக்கும் கண்ணுக்கும். ஒரு நாளாவது பின்னால கையை வச்சிருப்பேனா. பிடரியில வலதுபக்கம் ஒரு எடத்துல பொடிசாத் தொடங்கி, காதுக்குப் பின்னால ஏறி, உச்சியைத் தாண்டிக் கண்ணுக்குப் பின்னால வந்து உக்காந்துக்கிடும்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும், உக்காந்த எடத்தைத்தான் திட்டினேனே தவிர கெளம்பின எடத்தைத் திரும்பிப் பாக்கல. இவ கேட்ட முதல் கேள்வியே அதுதான். "எங்க வலிக்குதுன்னு கேக்கல அண்ணாச்சி, எங்க ஆரம்பிக்குது?" எப்பா, என்ன கேள்வி. பெறகு மேசையில இருந்த பொம்மைக் கழுத்தை எடுத்துக் கையில குடுத்தா. ஏழே எலும்பு, உள்ளங்கையில அடங்கிரும். மேல் மூணுல இருந்து கெளம்புத நரம்பும், கண்ணு நெத்தியில இருந்து வர்ற நரம்பும் உள்ளே ஒரே எடத்துல போய்ச் சேருதாம். கழுத்து அனுப்பின சேதியை மூளை கண்ணு அனுப்பினதுன்னு எடுத்துக்கிடுமாம். மூளைக்கே எடம் மாறிப்போவுதுன்னா நான் எம்மாத்திரம். அடுத்து ஒண்ணு சொன்னா பாருங்க, அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுருச்சு. தலை நாலஞ்சு கிலோ இருக்கும், நேரா வச்சா கழுத்துக்குக் கனமே தெரியாது, முன்னால நீட்டிக் குனிஞ்சா அதே தலை பல மடங்கு கனக்கும்னா. இதை எனக்கா சொல்லணும். புதுசுல சின்ன கிரேன் ஓட்டும்போதே படிச்ச பாடமாச்சே. கையை நீட்ட நீட்டப் பெட்டி கனத்துக்கிட்டே போகும், பெட்டி என்னவோ அதே பெட்டிதான். ஊரு உலகத்துப் பெட்டிக்கெல்லாம் கணக்குப் பாத்தவன், என் தோளுக்கு மேல ஒரு பெட்டி நீட்டின கையில தொங்கிக்கிட்டு இருக்குன்னு நெனச்சதே இல்ல. அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எவ்வளவு சின்ன எலும்பு, என்னா நேர்த்தியா ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கு. கிரீஸ் கிடையாது, சர்வீஸ் கிடையாது, பொறந்த நாள்ல இருந்து பாரத்தைத் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒரு வார்த்தை பாராட்டிச் சொன்னதில்ல நான்.

"மூச்சை நல்லா விடுங்க அண்ணாச்சி, தோளை இறுக்காதீங்க." சரிம்மா. தோளு இறுகினது இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு, இன்னும் கையே வைக்கலையே. கொஞ்சம் முன்னால மல்லாக்கப் படுக்க வச்சு என் தலையை ரெண்டு கையில ஏந்தினா. தாடையை நெஞ்சோட சேத்து மடக்கி, அப்பிடியே இடதுபக்கம் திருப்பினா, வெண்ணெய் மாதிரி போச்சு. வலதுபக்கம் திருப்பினா, பாதியில பூட்டு விழுந்த மாதிரி நின்னுச்சு. ம்னு மட்டும் சொன்னா. அந்த ம்ல எனக்குக் கொஞ்சம் உயிர் வந்துச்சு. பெறகு கேட்டா, "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் இருக்கு? கம்ப்யூட்டர் பாக்குற கழுத்து இப்பிடி இருக்காதே." நேரா முன்னாலதான்னு சொல்லிட்டேன். பொய். துறைமுகத்துல ஆபீஸ் வேலைன்னுதான் பெரிய டாக்டர்கிட்டயும் சொன்னேன். கிரேன் ஓட்டுதேன்னு சொல்லி, அது ஒரு சீட்டுல ஏறி, சீட்டு துறைமுகத்துக்கே போய்ச் சேந்துட்டா? ஜெபமணிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தவன் நான். நல்ல ஓட்டுக்காரன், பெட்டியை முட்டை வைக்கத மாதிரி வைப்பான். தலை சுத்துதுன்னு வாக்கிடாக்கியில ஒரே ஒரு தடவை சொன்னான். அன்னைக்கே இறக்கினாங்க, மெடிக்கலுக்கு அனுப்பினாங்க, இப்ப துறைமுக வாசக் கேட்டுல லாரி நம்பர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். மேலே பாக்கதே இல்ல. அதுல இருந்து கிரேன்காரங்க எங்களுக்குள்ள பேசாமலே ஒரு பேச்சு. மேலே ஏறிட்டா வலியாவது சுத்தலாவது. வாக்கியில சூப்பர்வைசர், "கஸ்பாரு, எப்பிடி இருக்கே"ன்னு கேட்டா ஓகே. கண்ணு பிதுங்கினாலும் ஓகே. கீழே ஆளுங்க நிக்கானுவ, அவங்க தலைக்கு மேல என் பெட்டி ஆடுது, அது தப்புதான், எனக்குத் தெரியாதா. தெரிஞ்சும் ஓகே.

ஆரம்பிச்சுட்டா. கட்டைவிரல் மேல கட்டைவிரலை வச்சு, முதல்ல இடதுபக்கம். வலிக்கல, பாரம் மட்டும். "வருதா?" "இல்ல." ஒரு எலும்பு கீழே. "இங்க?" "இல்ல." இவ பலம் கையில இல்ல, காலுல இருக்கு. பாரம் ஏறும்போது பாதவிரல் பத்தும் செருப்பைக் கவ்விப் பிடிக்குது, விடும்போது விரியுது. காலைப் பாத்தே எவ்வளவு அமுக்கப் போறான்னு சொல்லிருவேன். அடேயப்பா, என்ன கை. அவசரம் இல்ல, தடவிப் பாக்கத தடுமாட்டம் இல்ல. தோலு, சதை, அதுக்கடியில சதை, அதுக்கும் அடியில பட்டாணி அளவு முட்டி ஒண்ணு, அதைக் கண்ணால பாக்காம நேரா போய்த் தொடுதா. காத்து அடிக்கும்போது பெட்டியோட நாலு மூலை ஓட்டையில கிரேன் பிடியோட நாலு பூட்டையும் ஒரே எறக்குல எறக்குதவனுக்குத்தான் தெரியும் இது என்ன வேலைன்னு. எறங்கி நின்னு கை தட்டணும் போல இருக்கு, குப்புறக் கெடக்கேன். இடதுபக்கம் முடிஞ்சுச்சு. ஒண்ணும் வரல. வராதுதான், வலி வலதுபக்கம்தானே. ஆனாலும் வலதுபக்கமும் இப்பிடியே ஒண்ணும் வராம போச்சுன்னா. அண்ணனுக்கு யாரும் கழுத்தைத் தொட்டுப் பாக்கல. தொட்டிருந்தா வந்திருக்காது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல வச்சப்ப ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையா இருந்துச்சு, இவ்வளவுதானான்னு கேட்டான், சிரிச்சுக்கிட்டே கேட்டான். இப்ப எதுக்கு அது. காலைப் பாரு கஸ்பாரு, டைல்ஸைப் பாரு. செருப்பு வலதுபக்கம் நகந்து வந்துட்டு. "இப்ப வலதுபக்கம். மேலே இருந்து முதல் எலும்பு. வருதா?" "இல்ல." இல்லதான், நெசமாவே இல்ல. மாதாவே. விரல் ஒரு நெல்லளவு கீழே எறங்குச்சு, ரெண்டாவது எலும்பு, கொஞ்சம் உள்ளே திரும்புச்சு, பாதவிரல் செருப்பைக் கவ்வுச்சு, அய்யோ, அங்க, அந்த எடம், கீழே ஒரு சுவிட்சைப் போட்டா மேலே பல்பு எரியுத மாதிரி, காதுக்குப் பின்னால ஏறி, உச்சி, கண்ணு, கண்ணுக்குப் பின்னால, அதே எடம், அதே ரூபம், எத்தனை வருஷமா கூடவே குடியிருந்த அதே சனியன் வந்து உக்காந்துட்டு. "வருதா அண்ணாச்சி?" "இல்லம்மா. ஓகே."

யாரு சொன்னது அது. நானா சொன்னேன். நான் நெனைக்கல, வாய் சொல்லிருச்சு. கண்ணுல தண்ணி முட்டுது, வாய் ஓகேங்குது. விரலை எடுத்துட்டா. வலி வந்த வழியே கண்ணுல இருந்து உச்சி, உச்சியில இருந்து காதுன்னு எறங்கி மெல்லப் போவுது. போவாத, நில்லு, இவ்வளவு நாளா போய்த் தொலைன்னு கெஞ்சினேன், இன்னைக்கு ஒரு நாள் நில்லு. "இங்க?" மூணாவது எலும்பு. "இல்ல." "இங்க?" "இல்ல." சொல்லேன், இப்ப சொல்லேன் மடையா. நாக்கு வரல. ரெண்டாவது எலும்புல வந்துச்சுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொன்னா ஏன் அப்பவே சொல்லலன்னு கேப்பா. கேட்டா வேலையைச் சொல்லணும். வேலையைச் சொன்னா எறக்கிருவாங்க. எறக்கினா கேட்டுல ஜெபமணிக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்டூலு. சொல்லாட்டி? சொல்லாட்டி கழுத்துல இல்ல. கழுத்துல இல்லாட்டி தலையில. ஆனா கழுத்துலதானே இருக்கு, எனக்குத் தெரியுமே, எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன புண்ணியம், வலிக்கதை வலிக்குதுன்னு சொன்னாத்தானே அடுத்தவனுக்குத் தெரியும். நல்ல சேதியைக் கையில வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு கெடக்கேன், எங்க பொழைப்பு பழக்கி வச்ச லட்சணம் இது. இவ கை கழுத்தை விட்டு விலகிட்டு. காலு ரெண்டும் பெஞ்சை விட்டு ஒரு எட்டு பின்னால போய் நிக்குது. பெருவிரல் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல மனசு வரல, எனக்குத் தெரியுது. "சரி அண்ணாச்சி. திருப்புறப்போ பூட்டின மாதிரி இருந்துச்சு, நான் கழுத்துன்னுதான் நெனச்சேன். ஆனா அந்த வலி எங்கயும் வரலங்கிறீங்க. எதுக்கும் டாக்டர்கிட்ட சொல்லி ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். பயப்படாதீங்க." திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் சேர் தரையில கிறீச்சுன்னு இழுபட்ட சத்தம் கேட்டுச்சு.

"ம்மா, போயிராதீங்க." ஓட்டைக்குள்ள இருந்து சொன்னதுல எனக்கே என் குரலு வேற யாருதோ மாதிரி இருந்துச்சு. "பொய் சொல்லிட்டேன். வந்துச்சு." "என்ன வந்துச்சு அண்ணாச்சி? தலையைத் தூக்காதீங்க, அப்பிடியே சொல்லுங்க." "வலி. வலதுபக்கம், மேலே இருந்து ரெண்டாவது எலும்பு. அதே வலி. வாய் தப்பிப் போய் இல்லன்னுட்டேன்." அவ வையல. ஏன்னு கேக்கல. செருப்பு முன்னால வந்துச்சு, விரல் நேரா அதே எடத்துல போய் எறங்குச்சு, ஒரு நூலு கூடத் தப்பல. வந்துட்டு. "வந்துட்டும்மா." "எங்க இருக்கு இப்ப?" "காதுக்குப் பின்னால. ஏறுது. உச்சி. இந்தா கண்ணுக்கு வந்துட்டு." "வழக்கமா வர்றதுதானா?" "அதேதான், அச்சு அசலா அதேதான்." "நல்லது. நான் விரலை எடுக்கமாட்டேன், பிடிச்சுக்கிட்டே இருப்பேன். கூடுதா குறையுதான்னு சொல்லிக்கிட்டே இருங்க." சொன்னேன். கூடுது. நிக்குது. நிக்குது. இப்ப கண்ணுல இருந்து கொஞ்சம் கரையுது. உச்சியில லேசா. இந்த வயசுக்கு ஒரு மனுசிகிட்ட என் வலியை உள்ளது உள்ளபடி, கூடக்கொறையச் சொல்லாம, இப்பத்தான் வாய்விட்டுச் சொல்லுதேன். இவ்வளவு லேசாவா இருக்கும் அது. அவ கேட்டா, "நெஜமாவே ஆபீஸ் வேலைதானா அண்ணாச்சி?" "இல்லம்மா. கிரேன் ஓட்டுதேன். கப்பல்ல பெட்டி ஏத்துத பெரிய கிரேன். ஷிப்டு முழுக்கக் கீழேதான் பாப்பேன். வலிச்சாலும் சொல்லமாட்டோம், சொன்னா எறக்கிருவாங்க."  அவ விரலை எடுக்காமலே சொன்னா. "கீழே பாக்காம உங்க வேலை நடக்காது, புரியுது. ஆனா ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் கிடைக்குமா?" "லாரி வந்து நிக்கது வரைக்கும் கிடைக்கும்." "அப்போ தாடையை உள்ள இழுத்துக்கிட்டு, பின்னந்தலையை மேல தூக்குற மாதிரி நிமிந்து நேரா பாருங்க. நேரா பாத்தா என்ன தெரியும்?" யோசிச்சுப் பாத்தேன். எத்தனை வருஷம் ஏறின கேபின், சத்தியமா யோசிச்சுத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. "கடலு." "அதைப் பாருங்க. அதான் மருந்து. ஒரே நாள்ல சரியாயிடும்னு சொல்லமாட்டேன், சில வாரம் வரணும், கழுத்துக்கு உள் பலம் ஏத்துற பயிற்சி தருவேன். கடுமையா வலிக்கிற நேரத்துல மட்டும் தயவுசெஞ்சு மேல ஏறாதீங்க, கீழ ஆளுங்க நிப்பாங்க." "ஏறமாட்டேன்மா." அதை ஓகேன்னு சொல்லல, ஏறமாட்டேன்னுதான் சொன்னேன். "டாக்டர்கிட்ட நானே பேசுறேன். எதுக்கும் உறுதி பண்ணிக்க கடைசியா ஒரு தடவை அமுக்கிப் பாக்கிறேன். வலிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க." விரல் எறங்குச்சு, சொன்ன நேரத்துக்கு வண்டி வந்து நிக்கத மாதிரி வலி கண்ணுக்குப் பின்னால வந்து நின்னுச்சு. வலிக்குதும்மா, நல்லா வலிக்குதுன்னு நான் சத்தமாவே சொன்னேன். அப்ப திரைக்கு அந்தப் பக்கம் இருந்து மெற்றில்டா பேசினா. சைனஸுன்னு நம்பின பொம்பள குரலே இல்ல அது. அழுது அழுது அடைச்சுப்போன தொண்டை.

"இன்னும் நல்லா அமுக்குங்கம்மா. வலிக்கட்டும் அவருக்கு. நல்லா வலிக்கட்டும்."